ஐ.சி.யூ.வில் மருந்துக்கு மசியாத கிருமியா? ஒரு நோட்டை எடுங்கள்

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாகப் புதிதாகப் பொறுப்பேற்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சிஸ்டர், தொற்றைக் கணக்கெடுக்க எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்?" என்றுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம், கோடு போட்ட ஒரு நீள நோட்டு போதும். தினமும் காலை 7 மணிக்கு ஐ.சி.யூ.வுக்குள் போங்கள். எத்தனை பேருக்கு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் டியூப்) இருக்கிறது, எத்தனை பேருக்கு யூரின் டியூப், எத்தனை பேர் வென்டிலேட்டரில் என்று எண்ணி எழுதுங்கள். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். இன்று காலை, நாளை மாலை என்று எண்ணினால் கணக்கே கலைந்துவிடும்.

மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். எங்கள் 10 படுக்கை ஐ.சி.யூ.வில் ஒரு மாதம் 240 லைன் நாட்கள் வந்தன, அதாவது தினமும் எண்ணிய சென்ட்ரல் லைன்களின் மாதக் கூட்டுத்தொகை. லைன் வழியாக ரத்தத்தில் தொற்று வந்தவர்கள் 3 பேர். 3ஐ 240ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் 12.5, அதாவது 1000 லைன் நாட்களுக்கு 12.5 தொற்று. "மூன்று பேருக்கு வந்தது" என்று சொன்னபோது டாக்டர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். முந்தைய மாதங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து 12.5 என்று காட்டியபோது நின்று கேட்டார்கள். எண்ணப் போகும்போதே இன்னொரு வேலையும் நடக்கும். ஒவ்வொரு படுக்கையிலும் "இந்த டியூப் இன்னும் தேவையா டாக்டர்?" என்று கேட்டுவிடலாம். எடுத்துவிட்ட டியூப் வழியாகத் தொற்று வராது.

அடுத்தது பிளட் கல்ச்சர், ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்னால் எடுக்க வேண்டும். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம். அப்புறம் எல்லாரும் இருட்டில்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். பெரியவர்களுக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுங்கள். தோலில் குளோர்ஹெக்சிடின் தடவிக் காயும்வரை பொறுங்கள், காய்ந்த இடத்தை மறுபடி விரலால் தொடாதீர்கள். பாட்டில் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நோயாளி ஷாக்கில் (ரத்த அழுத்தம் ஆபத்தாகக் குறைந்த நிலையில்) இருந்தால் மட்டும் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது.

லேபோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர் போன்ற கிருமி வளர்ந்தால் ரிப்போர்ட் அச்சாகி வரட்டும் என்று காத்திருக்காமல் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட பட்டியலில் இவை மிக ஆபத்தான பிரிவில் இருப்பவை. போன் வந்த கையோடு படுக்கைக்குப் போங்கள். தனி அறை இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் ஓரப் படுக்கை. கவுன், கிளவுஸ், தனி ஸ்டெதஸ்கோப், முடிந்தால் தனி நர்ஸ்.

ஒன்றை மறக்காதீர்கள்: சளியில் அசினெட்டோபேக்டர் வளர்ந்தாலே அது நோய் இல்லை. கிருமி சும்மா குடியிருக்கலாம். காய்ச்சல், எக்ஸ்ரே, ஆக்சிஜன் தேவை எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை முடிவு செய்ய வேண்டும். தேவையில்லாமல் கோலிஸ்டின் கொடுத்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படும், கடைசியாகக் கையில் இருக்கும் மருந்தும் வீணாகும். ஆனால் தனிமைப்படுத்துவது இரண்டு நிலைக்கும் ஒன்றுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், 10 நாளில் 4 பேருக்கு ஒரே மாதிரி அசினெட்டோபேக்டர் வந்தது. படுக்கை எண், சேர்ந்த தேதி, சாம்பிள் எடுத்த தேதி, என்னென்ன செய்தோம் என்று ஒரே தாளில் எழுதி, படுக்கைகளின் படத்தையும் வரைந்தேன். நான்கும் ஒரே வரிசை. அந்த வரிசைக்கே பிபி பார்க்கக் கையில் சுற்றும் கஃப் ஒன்றுதான் இருந்தது, அதுவும் துணியில் செய்தது. இந்தக் கிருமி காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். படுக்கைக்கு ஒரு கஃப் கொடுத்து, வரிசை முழுவதையும் கழுவினோம். அதன்பின் புதிதாக யாருக்கும் வரவில்லை. கஃப்தான் காரணம் என்று நிரூபிக்க முடியவில்லை, கழுவியதாலும் நின்றிருக்கலாம். அந்த நால்வரில் ஒருவர் பிழைக்கவில்லை. இன்றைக்கும் எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் கஃப்பைத்தான் தேடும்.

கழுவும் முறை: முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் ஹைப்போ (கிருமியைக் கொல்லும் குளோரின் கரைசல்). 5 சதவீத ஹைப்போ 20 மில்லியை எடுத்து, தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். படுக்கைக் கம்பி, மானிட்டர் பட்டன், சலைன் ஸ்டாண்டு ஆகியவற்றைத் துப்புரவு செய்யும் அக்காக்களுக்குக் கையால் தொட்டுக் காட்டுங்கள். காரணம் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

கை சுத்தத்தில் அதிகம் தவறுவது, நோயாளியைத் தொடாமல் அவருடைய கட்டிலையோ பம்ப்பையோ மட்டும் தொட்டுவிட்டு நகரும்போதுதான். ஹேண்ட் ரப் பாட்டில் கட்டிலிலேயே கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். கிளவுஸ் போட்டிருந்தாலும், கழற்றியதும் தேய்க்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்கிறது என்று லேபோடு உட்கார்ந்து அட்டவணை போடுங்கள். இதற்கு மட்டும் சாஃப்ட்வேர் உதவும், ஹூநெட் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு கிருமியின் முதல் ரிப்போர்ட்டை மட்டும் சேருங்கள். 30க்குக் குறைவான எண்ணிக்கைக்குச் சதவீதம் போடாதீர்கள்.

மருந்துக்கு அடங்காத கிருமி உள்ள நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பும் முன் அங்கே போன் செய்து சொல்லிவிடுங்கள், அன்றைய கடைசி ஆளாக எடுப்பார்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் சம்மரியின் முதல் பக்கத்திலேயே கிருமியின் பெயர், எந்த மருந்துக்கு அடங்கவில்லை, எந்தத் தேதியில் தெரிந்தது என்று கொட்டை எழுத்தில் எழுதி, கூட வரும் உறவினரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.