காவடிப் பக்கத்தில் தோகை விரிக்கும் மயில்

மொரீஷியஸில், கோர் டெ கார்ட் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்து ஏறுகிற குடும்பம் எங்களுடையது. தைப்பூசத்துக்காக நான் செய்த இணையப் பக்கத்தின் உச்சியில் ஒரு மயில் தோகை விரிக்கும். அதை வீடியோவாக வைக்கவில்லை. லாட்டி என்ற நிரல் நூலகத்தால் இயக்குகிறேன். கோடும் வளைவும் கணக்காகவே ஜேசன் என்ற தரவுக் கோப்பில் இருப்பதால், எவ்வளவு பெரிய திரையிலும் தோகையின் கண்கள் மங்குவதில்லை. தங்குமிட வாடகை நிறுவனமான ஏர்பிஎன்பி 2017இல் வெளியிட்ட இந்த நூலகத்துக்கு, நிழலுருவப் படங்கள் எடுத்த ஜெர்மானிய இயக்குநர் லோட்டே ரைனிகரின் பெயரை வைத்தார்கள். அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் மயிலை வெக்டர் வடிவங்களாக, அதாவது கோடும் வளைவுமாக மட்டும் வரையுங்கள். புகைப்படத்தைச் செருகினால் கோப்பு பருத்துவிடும். பிறகு அதற்கான ‘பாடிமூவின்’ என்ற செருகுநிரலால் ஜேசனாக ஏற்றுமதி செய்யுங்கள்.

தமிழ் எழுத்து இருந்தால் கூடுதல் கவனம் தேவை. என் முதல் முயற்சியில் ‘வெற்றிவேல்’ என்ற சொல்லின் கொம்புகள் எழுத்தைவிட்டு விலகி, புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நின்றன. பார்க்கவே மனம் கசந்தது. ஏற்றுமதிக்கு முன்பே எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுங்கள். அதே சொல்லைப் பக்கத்தில் சாதாரண உரையாகவும் எழுதுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும்.

பக்கத்தில் மயிலுக்கென ஒரு வெற்றுப் பெட்டி வையுங்கள். அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே கொடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு வந்து சேர்ந்ததும் கீழே உள்ள பூசை நேரங்கள் துள்ளி இறங்கும். அடுத்து லாட்டியின் ‘லோட்அனிமேஷன்’ கட்டளைக்கு அந்தப் பெட்டி, ஜேசன் கோப்பின் முகவரி, எஸ்விஜி என்ற வெக்டர் வரைமுறை ஆகியவற்றைத் தாருங்கள். கணினியில் பக்கத்தின் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து, மயிலைக் காணோம் என்று தேடாதீர்கள். அப்படித் திறந்தால் உலாவி ஜேசனைப் படிக்க விடாது. உங்கள் கணினியிலேயே உள்ளகச் சேவையகம் ஒன்றை ஓடவிட்டு, அதன் வழியே பக்கத்தைப் பாருங்கள்.

நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில்தான்: முடிவில்லாத சுழற்சி வேண்டாம். ஓயாமல் ஆடும் மயில் தொலைபேசியின் பேட்டரியைத் தின்னும். படிப்பவரின் கண்ணையும் இழுத்துக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப ஓட்டும் ‘லூப்’, தானாகத் தொடங்கும் ‘ஆட்டோபிளே’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். பெட்டி திரைக்குள் வந்ததா என்பதை உலாவியில் உள்ள ‘இன்டர்செக்ஷன் அப்சர்வர்’ என்ற வசதி சொல்லும். வந்ததும் ‘பிளே செக்மென்ட்ஸ்’ மூலம் 0 முதல் 60 வரையிலான சட்டங்களை (ஃபிரேம்களை) ஒருமுறை ஓட்டுங்கள். நொடிக்கு 30 சட்டம் என்பதால் என் மயிலுக்கு இரண்டே நொடி.

என் அத்தைக்குத் திரையில் எது அசைந்தாலும் தலை சுற்றும். அவர் தொலைபேசியில் ‘அசைவைக் குறை’ என்ற அமைப்பு எப்போதும் இயக்கத்தில் இருக்கும். நிரலில் அதைச் சோதித்து, இருந்தால் மயிலை ஓட்டாமல் ‘கோ டு அண்ட் ஸ்டாப்’ கட்டளைக்கு 60 என்ற எண்ணைக் கொடுங்கள். கூடவே ‘ட்ரூ’ என்று சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் அறுபதாவது சட்டத்துக்குப் பதில் அறுபதாவது மில்லிநொடிக்குப் போய், மயில் மூடிய தோகையோடு நிற்கும். அத்தையின் திரையில் இப்போது அது முழுத் தோகையோடு அசையாமல் நிற்கிறது.