எந்தப் பருவத்துக்கும் ஒரே பானை: காய்கறி பருப்பு சூப் செய்வது எப்படி?

சமையல் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பைப் படித்துவிட்டு, அதில் உள்ள காய்களைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் கடையில் எது குவிந்து கிடக்கிறது, எது மலிவாக இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் அந்தப் பருவத்தின் காய். அதை வாங்கி வந்து போடுவதற்கு ஏற்ற ஒரு செய்முறை கையில் இருந்தால் போதும். இந்த சூப் அப்படிப்பட்டதுதான். காய் மாறிக்கொண்டே இருக்கும், முறை மாறாது.

நான்கு பேருக்குத் தேவையானவை: நடுத்தர வெங்காயம் 2, பூண்டு 3 பல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மசூர் பருப்பு 150 கிராம், ஏதேனும் இரண்டு மூன்று வகைக் காய்கள் சேர்ந்து 500 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், எலுமிச்சை பாதி, உப்பு, மிளகுத்தூள். மசூர் பருப்பைச் சொல்வதற்குக் காரணம், தோல் நீக்கிய அந்தச் சிவப்புப் பருப்பை ஊறவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம். சாதாரணப் பாத்திரத்திலேயே இருபது இருபத்தைந்து நிமிடங்களில் கரைந்துவிடும்.

1. காய்களைப் பிரித்து வையுங்கள்

புதிதாகச் சமைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எல்லாக் காயையும் ஒன்றாகப் போட்டால் கேரட் வேகும்போது கீரை குழைந்து போயிருக்கும். எதை எப்போது போடுவது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கத்தியே சொல்லிவிடும். அழுத்தி வெட்ட வேண்டிய கேரட், பூசணி, உருளை, சர்க்கரைவள்ளி முதல் தட்டில். ஓரளவு எளிதாக வெட்டுப்படும் பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிபிளவர், சுரைக்காய் இரண்டாவது தட்டில். கீரை, பச்சைப் பட்டாணி, உதிர்த்த மக்காச்சோளம் மூன்றாவதில். தக்காளி மட்டும் விதிவிலக்கு. மிருதுவாக இருந்தாலும் அது இரண்டாவது தட்டுக்குத்தான் போகும். காரணம் கீழே வருகிறது.

முதல் தட்டுக் காய்களை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, ஒரே சீராக நறுக்குங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. துண்டு இரண்டு மடங்கு தடிமனாக இருந்தால், வேக இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும்.

2. வெங்காயத்துக்கு நேரம் கொடுங்கள்

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு, தீயைக் குறைத்துவிடுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் ஓரங்களில் நீர் விடும், காரமான வாடை போய் இனிப்பு மணம் வரும், வெள்ளைத் துண்டுகள் கண்ணாடி போல் ஆகும். இதற்கு எட்டு பத்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். அடிப்பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். இதில் மசாலா எதுவும் இல்லாததால் சூப்பின் ருசியில் பாதி இந்தப் பத்து நிமிடத்தில்தான் உருவாகிறது. கடைசியில் நசுக்கிய பூண்டைச் சேர்த்து ஒரு நிமிடம் வதக்கினால் போதும்.

3. பருப்பும் முதல் தட்டும்

கழுவிய பருப்பு, கெட்டியான காய்கள், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். நுரை பொங்கும். கெடுதல் இல்லை, கரண்டியால் எடுத்துவிடலாம். மூடியை முழுக்க மூடாமல் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுப்பைத் துடைக்கும் வேலை சேரும்.

4. பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது தட்டு

பருப்பு மசியத் தொடங்கிய பிறகுதான் தக்காளி. புளிப்பு இருந்தால் பருப்பும் காயும் மிருதுவாக அதிக நேரம் எடுக்கும், அதனால்தான் அதைத் தள்ளி வைத்தோம். முட்டைக்கோஸும் காலிபிளவரும் ரொம்ப நேரம் கொதித்தால் கந்தக வாடை வந்துவிடும். எட்டு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

5. கீரை, பட்டாணி, சோளம்: கடைசி மூன்று நிமிடம்

கீரை நிறம் மாறும் முன் அடுப்பை அணையுங்கள். பட்டாணியும் சோளமும் பறித்த நேரத்திலிருந்தே சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றிக்கொண்டிருப்பவை. பருவத்தில், புதிதாகக் கிடைக்கும்போதுதான் அவற்றின் இனிப்பு தெரியும். மற்ற மாதங்களில் உறைய வைத்த பட்டாணியே மேல். பறித்த கொஞ்ச நேரத்திலேயே உறைய வைப்பதால் இனிப்பு தங்கும். அதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம்.

6. உப்புக்கு முன் ஒரு கிண்ணம்

ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே வாய் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிச் சமையல் செய்யவும் முடியாது. உப்பும் காரமும் போடும் முன், திட உணவு தொடங்கிவிட்ட குழந்தை இருந்தால் அதற்கு ஒரு கிண்ணம் எடுத்து நன்றாக மசித்துவிடுங்கள். மெல்லச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் இதேபோல் மசித்து, உப்பு மட்டும் சேர்க்கலாம்.

மீதிக்கு முதலில் ஒரு தேக்கரண்டி உப்பு. பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அதனால் சப்பென்று தோன்றினால் உடனே உப்புக்குப் போகாமல் எலுமிச்சையைப் பிழிந்து ருசி பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேயே தீர்ந்துவிடும். பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவும் எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். மிளகுத்தூளை மேசையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.

பருவத்துக்கு ஏற்ற காய்ச் சேர்க்கை

குளிர் நாட்களில் பூசணி, கேரட், கீரை என்று கெட்டியாகச் செய்யலாம். பாதியை மத்தால் கடைந்தால் கிரீம் சேர்த்தது மாதிரி வரும். வெயில் காலத்தில் பருப்பைப் பாதியாகக் குறைத்து, சுரைக்காய், தக்காளி, சோளம் போட்டு நீர்க்க விடுங்கள். சுரைக்காயைச் சமைக்கும் முன் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள், கசப்புச் சுரைக்காய் உடலுக்கு ஆபத்து. பீட்ரூட் எந்தப் பருவத்திலும் போடலாம், ஆனால் பானை மொத்தமும் சிவந்துவிடும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறதா என்பது வீட்டைப் பொறுத்தது.

மீதியை வைப்பது

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ஆழமான பானையில் ஆறுவதற்கு நேரமாகும், அகலமான டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள். மூன்று நாள் வரை தாங்கும். மறுநாள் பருப்பு இறுகிக் களிபோல் நிற்கும். தேவையான அளவை மட்டும் எடுத்து, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, நன்றாகக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். அந்த நேரத்தில் ஒரு கைப்பிடி புதுக் கீரையைப் போட்டால் பழைய சூப் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.