மூன்று ஆலிம்கள் கையெழுத்திட்டால் பணம் பத்திரமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தார். மேலே மூன்று ஆலிம்களின் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்களின்) படம், கீழே ‘ஹலால் முதலீடு, மாதம் 3 சதவீத லாபம்’. “பாய், மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்புறம் என்ன பயம்?”

பலரும் செய்யும் தவறு இதுதான். இப்படிக் கையெழுத்திடும் ஆலிம்களின் குழுவுக்கு ஷரீஆ வாரியம் என்று பெயர். வியாபாரம் மார்க்கத்துக்கு உட்பட்டதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. போட்ட பணம் திரும்புமா என்பதற்கு அது ஜாமீன் இல்லை.

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையை வைத்துச் சொல்கிறேன். வியாபாரிக்கு ஐம்பது மூட்டை வேண்டும், கையில் பணமில்லை. வட்டிக்குக் கடன் தராத இஸ்லாமிய வங்கியாக இருந்தால், முராபஹா என்ற முறையில் அதுவே முதலில் சரக்கை வாங்கித் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும். பிறகு வாங்கிய விலையையும் தன் லாபத்தையும் சொல்லித் தவணைக்கு விற்கலாம். வாரியத்துக்காகக் கணக்கைச் சரிபார்ப்பவர் தேதிகளை உற்றுப் பார்ப்பார். விற்ற ஒப்பந்தம் 10ஆம் தேதி, வாங்கிய பில் 12ஆம் தேதி என்றிருந்தால், கையில் இல்லாத சரக்கை விற்றதாகிவிடும். அந்த லாபத்தை வங்கி வைத்துக்கொள்ள முடியாது, தர்மத்துக்குப் போய்விடும். ஆக, கண்டிப்பான வாரியம் ஓர் ஆண்டின் லாபத்தைக் குறைக்கவும் செய்யும். அதை வைத்து வங்கியைக் குறை சொல்லாதீர்கள். எனக்கு அப்படிப்பட்ட வங்கிமேல்தான் நம்பிக்கை கூடும்.

தலைகளை எண்ணுவதும் வேண்டாம். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கும், பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி (AAOIFI) அமைப்பு, வாரியத்தில் குறைந்தது மூவர் வேண்டும் என்கிறது, மலேசியாவில் ஐவர். ஆள் கூடினால் லாபம் கூடும் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, அப்படியில்லை என்பவையும் உண்டு. நன்றாகச் சம்பாதிக்கும் பெரிய வங்கிக்குப் பெரிய வாரியம் வைக்க வசதி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். வாரியம் எத்தனை முறை கூடுகிறது, கணக்கு அதன் கைக்கு வருகிறதா என்று கேட்பது அதைவிடப் பயன்படும்.

நண்பரிடம் அழுத்திச் சொன்னது வேறு. இந்தியாவில் இஸ்லாமிய வங்கியே கிடையாது. 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு எடுக்கப் போவதில்லை என்றுவிட்டது. அதனால் வங்கி டெபாசிட்டுக்குள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடு இந்த நோட்டீஸுக்கு இல்லை. அதோடு, கூட்டு வியாபாரத்தில் வந்த லாபத்தைத்தான் பங்கு பிரிக்க முடியும். போட்ட முதலுக்கு மாதம் 3 சதவீதம் என்று முன்பே உறுதி சொன்னால் அது வட்டிதான். உண்மையான வாரியம் முதலில் அடிப்பதே அந்த வரியைத்தான்.

படத்தில் இருக்கும் ஆலிம்களில் ஒருவரை நேரில் பார்த்து, “இவர்களுடைய கணக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.