வாசலில் இரண்டு படி

முள்ளந்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், வீல்செயாரில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பினேன். அங்கே என்னை உள்ளேயே அடைத்து வைத்தது வாசலில் இருந்த இரண்டு படிகள்தான். மொத்தம் 12 அங்குலம். வெளியே போவதென்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும். அது மனதை அறுத்தது.

முதலில் 4 அடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தோம். ஏறும்போது முன்சக்கரம் கிளம்பிவிட்டது. அம்மா பின்னால் பிடித்திருக்காவிட்டால் மல்லாந்திருப்பேன். அப்புறம்தான் பிசியோ கணக்கைச் சொன்னார்: 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். அப்படியென்றால் 12 அடி! நேராக அவ்வளவு இடமில்லை. மேசன் அண்ணை மதிலோரமாகத் திருப்பி, நடுவில் வீல்செயார் திரும்ப 5 அடிச் சதுரம் விட்டுக் கட்டினார். சீமெந்து காயுமுன் தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்தார். மழைக்கு வழுக்குவதில்லை. நல்ல மனுசன்.

வெளியே போகத் தொடங்கினால் நேரம் மறந்துபோகும், உணர்வில்லாத தோலோ நோவைச் சொல்லாது. அதனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அடித்ததும், இருக்கையில் அழுந்தும் தோலுக்கு ஓய்வு கிடைக்க 2 நிமிடம் நன்றாக முன்னே குனிந்து இருப்பேன். படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

நேற்றுப் பின்னேரம் தனியாகவே காலி வீதிக் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தேன். கையால் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடாக இருந்தது.