எக்கோ பில்லுக்குக் காசு வந்தது

வவுனியாவில் தனியாரிடம் எக்கோவும் (இதயத்துக்கான ஸ்கான்) இரத்தக் கொழுப்பும் பார்த்த பில்லைக் காப்புறுதிக்கு அனுப்பினால், சாதாரண செக்கப், தர ஏலாது என்று திருப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு ஐம்பதுக்குள்ளேயே மாரடைப்பு, எனக்கும் உரமூட்டையோடு வரம்பில் நடந்தால் நெஞ்சை இறுக்குகிறது, இது எப்படிச் சும்மா செக்கப்? டொக்டரின் துண்டில் 'எக்கோ' என்ற ஒரு சொல்தான் இருந்தது. திரும்பப் போய், நெஞ்சிறுக்கத்தையும் அப்பாவின் விசயத்தையும் எழுதுவித்து, கையெழுத்தும் சீலும் வாங்கி, மேன்முறையீட்டுக் கடிதத்தோடு அனுப்பினேன். எக்கோவுக்குத் தந்தார்கள், கொழுப்புக்கு இல்லை. சரி, போகட்டும், பிரஷர், சீனி, கொழுப்பெல்லாம் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச வைத்தியசாலையில் இலவசம், வெறும் வயிற்றோடு காலையிலேயே போக வேண்டும். உங்கள் பொலிசியில் வெளிநோயாளர் செலவு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் எந்தக் கடிதமும் எடுபடாது.