காது கேளாதோர் பற்றிய நல்ல ஆவணப்படங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

காது கேளாமை பற்றி எந்த வீடியோ தளத்தில் தேடினாலும் முதலில் வந்து நிற்பது ஒரே மாதிரியான காட்சிதான். கருவி பொருத்தியதும் முதல் முறையாகச் சத்தம் கேட்டுக் குழந்தை திகைக்கிறது, அம்மா அழுகிறார், பின்னணியில் பியானோ. அதை விட்டால் காது மெஷின் விளம்பரம். தலைமுறை தலைமுறையாகச் சைகை மொழியில் பேசி, சண்டை போட்டு, நாடகம் நடத்தி, கதை சொல்லி வாழ்ந்துவரும் மக்களைப் பற்றி இதிலிருந்து ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது. அந்த வாழ்க்கையைக் காட்டும் படங்கள் நிறையவே இருக்கின்றன, ஆனால் கொஞ்சம் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

முதல் வேலை, தேடும் சொல்லை மாற்றுவது. குறைபாடு, இழப்பு, சிகிச்சை என்று தேடினால் மருத்துவமனைதான் வரும். ஆங்கிலத்தில் 'டெஃப் கல்ச்சர்', 'டெஃப் ஹிஸ்டரி', 'டெஃப் ஃபிலிம்மேக்கர்' என்று அடித்துப் பாருங்கள், வரும் பட்டியலே வேறாக இருக்கும். இன்னும் நல்லது, குறிப்பிட்ட சைகை மொழியின் பெயரைப் போட்டுத் தேடுவது. உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி கிடையாது. அமெரிக்க சைகை மொழியில் எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், பிரிட்டிஷ் சைகை மொழியில் இரண்டு கையும் வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகள். யூடியூபில் 20 நிமிடத்துக்கு மேல், சப்டைட்டில் உள்ளவை என்று இரண்டு வடிகட்டியையும் போட்டுவிடுங்கள், பாதிக் குப்பை அங்கேயே போய்விடும்.

சரி, ஒரு படம் கிடைத்துவிட்டது. நல்ல படமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். சைகை மொழியில் பேசுபவரின் கைகளும் முகமும் சட்டகத்துக்குள் முழுதாகத் தெரிகின்றனவா? முகம் முக்கியம், ஏனென்றால் புருவமும் வாயும் அந்த மொழியின் இலக்கணத்தில் சேர்த்தி, கேள்வி கேட்கிறாரா சாதாரணமாகச் சொல்கிறாரா என்பதையே பல நேரம் புருவம்தான் காட்டிக்கொடுக்கும். மோசமான படங்களில் என்ன செய்வார்கள் தெரியுமா, ஒருவர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போதே கேமரா ஜன்னலுக்கும் பூந்தொட்டிக்கும் போய்விடும், பின்னணிக் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கேட்பவர்களுக்குக் குறையாகவே தெரியாது. ஆனால் சைகை மொழி தெரிந்தவருக்கு அது பேசுபவரின் வாயைப் பொத்துவதற்குச் சமம். காது கேளாதோர் பற்றிய ஒரு படத்தைக் காது கேளாத ஒருவரே பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது என்றால் அதைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, யார் எடுத்தது என்று பாருங்கள். இயக்குநர், தயாரிப்பாளர், படத்தொகுப்பாளர் என்று யாராவது காது கேளாதவரா? பல நேரங்களில் அதுவே படத்தின் பார்வையைத் தீர்மானிக்கிறது. இதை இரும்பு விதியாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். பிரெஞ்சு இயக்குநர் நிக்கோலா ஃபிலிபேர் காது கேட்பவர்தான், ஆனால் 1992-ல் அவர் எடுத்த 'இன் தி லேண்ட் ஆஃப் தி டெஃப்' இன்றைக்கும் பார்க்க வேண்டிய படம். கேமரா பொறுமையாக நிற்கும், பேசுபவர் பேசி முடிக்கும்வரை எங்கும் ஓடாது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 2025-ல் வந்த 'டெஃப் பிரசிடென்ட் நவ்!' படத்தைச் சொல்வேன். வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகம் காது கேளாதோருக்காக 1864-ல் தொடங்கியது. 1988 வரை அதற்குக் காது கேளாத தலைவர் ஒருவர்கூட வந்ததில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் நிர்வாகக் குழு மறுபடியும் காது கேட்கும் ஒருவரையே தேர்ந்தெடுக்க, மாணவர்கள் வளாகத்தை மூடிப் போராடி, ஒரு வாரத்தில் ஐ. கிங் ஜோர்டனைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் இருவரில் ஒருவரான நைல் டிமார்கோ காது கேளாதவர், அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

அப்புறம் 'சவுண்ட் அண்ட் ஃப்யூரி', 2000-ல் வந்தது, ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி, வைக்கலாமா வேண்டாமா என்று ஒரே குடும்பத்துக்குள் வெடிக்கும் சண்டை. பார்க்கும்போது யார் பக்கம் நிற்பது என்றே தெரியாமல் நெஞ்சு கனக்கும். தயவுசெய்து இதோடு நிறுத்திவிடாதீர்கள், சில வருடம் கழித்து வந்த தொடர்ச்சியையும் பாருங்கள். முதல் படத்தில் பெற்றோர் வேண்டாம் என்று மறுத்த சிறுமிக்கு அதற்குள் அந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கும். முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த விஷயத்தில் முடிவு சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

வரலாறு வேண்டுமென்றால் 2007-ல் வந்த 'த்ரூ டெஃப் ஐஸ்'. இரண்டு மணி நேரப் படம், நடுநடுவே காது கேளாத இயக்குநர்கள் எடுத்த ஆறு குறும்படங்கள் வரும், என்னைக் கேட்டால் அவைதான் அதன் உயிர். 2020-ல் வந்த 'சைனிங் பிளாக் இன் அமெரிக்கா' அரை மணி நேரம்கூட இல்லை, ஆனால் நிறவெறியால் பிரித்து வைக்கப்பட்ட பள்ளிகளில் கறுப்பின மாணவர்களிடையே சைகை மொழி எப்படித் தனி வழக்காக வளர்ந்தது, அவர்கள் ஏன் இரண்டு கைகளையும் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள், சைகைகள் ஏன் அகலமாக விரிகின்றன என்று அழகாகக் காட்டுகிறது.

இன்னும் பழையது ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். 1880-ல் மிலன் நகரில் கூடிய கல்வியாளர்கள் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுவழியில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு பல நாடுகளில் வகுப்பறைக்குள் சைகைக்கு இடமில்லாமல் போனது. மொழியே அழிந்துவிடுமோ என்று பயந்த அமெரிக்கக் காது கேளாதோர் சங்கம் பணம் திரட்டி, நன்றாகச் சைகை பேசுபவர்களைப் படம்பிடித்து வைத்தது. அப்படி 1913-ல் அந்தச் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஜார்ஜ் வெடிட்ஸ் நின்று சைகையில் பேசிய சில நிமிடங்கள் இன்று அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பட்டியலில் இருக்கின்றன. ஒலி கிடையாது, ஒரு மனிதர் தன் மொழிக்காக வாதாடுகிறார், அவ்வளவுதான். இணையத்தில் ஆங்கில சப்டைட்டிலோடு கிடைக்கிறது.

அமெரிக்கப் படங்களிலேயே நின்றுவிடாமல் இருக்க, பிரிட்டனின் 'பிஎஸ்எல் ஸோன்' தளத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவை பிரிட்டிஷ் சைகை மொழியிலேயே எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகள், ஆங்கில சப்டைட்டில் உண்டு, இலவசம். பிபிசியில் காது கேளாதோருக்கான 'சீ ஹியர்' நிகழ்ச்சி 1981 முதல் வருகிறது. பிரெஞ்சு தெரிந்தவர்கள் 'லுய் எ லா மேன்' என்ற தொலைக்காட்சித் தொடரைத் தேடலாம். நான் அதிகம் நம்புவது விழாப் பட்டியல்களைத்தான். பிரான்ஸின் ரான்ஸ் நகரில் நடக்கும் 'க்ளான் தாய்' விழா, சியாட்டில் டெஃப் ஃபிலிம் ஃபெஸ்டிவல் போன்றவற்றின் பழைய நிகழ்ச்சி நிரல்களை எடுத்துப் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினால், எந்த ஓடிடியும் பரிந்துரைக்காத படங்கள் கிடைக்கும். ஓடிடியில் ஒரு நாட்டில் இருப்பது இன்னொரு நாட்டில் இருக்காது, அதனால் படத்தின் சொந்தத் தளத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சில படங்களைப் பள்ளிக்கும் குழுக்களுக்கும் திரையிட அங்கேயே அனுமதி கேட்கலாம்.

அப்படித் திரையிடுகிறீர்கள் என்றால் கேப்ஷனை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள், தானாக உருவாகும் கேப்ஷனை நம்ப வேண்டாம். படம் முடிந்து பேசும்போது விளக்கைப் போடுங்கள், எல்லோரும் எல்லோரையும் பார்க்கும்படி வட்டமாக உட்காருங்கள், காது கேளாதவர்கள் வருவதாக இருந்தால் சைகை மொழிபெயர்ப்பாளரை முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.