நூலகத்தில் டியூப் லைட்டை எல்இடி ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டும் வேலை இப்போது பரவலாக நடக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் எலெக்ட்ரீஷியன்களும் எஸ்டிமேட் போடும் பொறியாளர்களும், முன்னால் செய்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடங்களில் சுட்டுக்கொள்கிறார்கள். மெயினை அணைக்க வேண்டும், ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மேஜையில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளந்துவிட்டு அலமாரிக்கு டியூப் வாங்குவது

பணத்தை விழுங்கும் தவறு இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறையாததும் இதுதான்.

வாசிப்பறையில் வெளிச்சம் மேஜை மேல் விழுந்தால் போதும். புத்தக அடுக்குகளில் அது புத்தகத்தின் முதுகில் விழ வேண்டும். முதுகு செங்குத்தாக நிற்கிறது. அழைப்பு எண் (நூலின் இடத்தைக் காட்டும் எண்) ஒட்டியிருப்பதோ அதன் அடிப்பகுதியில்.

90 செ.மீ. அகலமுள்ள ஒரு இடைவழியை எடுத்துக்கொள்வோம். நடுவில், 2.7 மீட்டர் உயரத்தில், இடைவழி நெடுக வரிசையாக டியூப்கள். 1.9 மீட்டரில் உள்ள மேல்தட்டில் ஒளி நன்றாகச் சாய்ந்து விழுகிறது. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் உள்ள கீழ்த்தட்டிலோ சாய்வு 11 டிகிரிதான். ஒளி முதுகை உரசிக்கொண்டு தரைக்குப் போய்விடுகிறது. நேரடி ஒளியை மட்டும் கணக்கிட்டால், மேல்தட்டுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் கீழே சேரும்.

பழைய டியூப் இந்தக் குறையை ஓரளவு மறைத்தது. அது 360 டிகிரியும் ஒளி விடும். வெள்ளையடித்த கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இடுக்குகளையும் நிரப்பும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்இடி டியூப் பெரும்பாலும் கீழ்நோக்கியே ஒளி விடுகிறது. வாசிப்பறையில் அது லாபம், அடுக்குகளில் நஷ்டம். விளைவைக் கண்ணால் பார்க்கலாம்: கூரையில் புது விளக்கு பளிச்சென்று எரிய, கீழ்த்தட்டில் 894.811 என்ற அழைப்பு எண் வரிசையில் தமிழ் இலக்கிய நூல் தேடும் மாணவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. வருடங்கள் போகப்போக அலமாரிகளை நகர்த்தியிருப்பார்கள். ஃபிட்டிங் பழைய இடத்திலேயே இருக்கும். பாதி விளக்குகள் அலமாரித் தலையில் உள்ள தூசிக்கு வெளிச்சம் காட்டும். ஒன்றுக்கு ஒன்று என்று டியூபை மட்டும் மாற்றினால், அந்தப் பிழையை இன்னும் பல வருடத்துக்கு நாமே உறுதிப்படுத்துகிறோம்.

ஆகவே ஆர்டர் போடும் முன்பு, இருட்டிய பிறகு லக்ஸ் மீட்டரோடு போங்கள். சென்சாரைப் புத்தக முதுகோடு ஒட்டி, இடைவழியைப் பார்த்தபடி செங்குத்தாகப் பிடியுங்கள். 30 செ.மீ., 1.2 மீ., 1.9 மீ. உயரங்களில், இடைவழியின் நடுவிலும் இரு கோடிகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 12464-1 அலமாரிக்கு 200 லக்ஸ், வாசிக்கும் இடத்துக்கு 500 லக்ஸ் கேட்கிறது. பிறகு ஒரே ஒரு இடைவழியில் மட்டும் மாதிரியை மாட்டி, மறுபடி அளங்கள். சுற்றிலும் ஒளி விடும் கண்ணாடி எல்இடி டியூப், அல்லது இரு பக்கமும் ஒளியைத் தள்ளும் லென்ஸ் வைத்த பேட்டன் (நீளப் பட்டை விளக்கு), இரண்டையும் சோதிக்கலாம். ஃபிட்டிங்கை இடைவழியின் நடுக்கோட்டுக்கு நகர்த்த வயரிங் செலவு ஆகும்தான். இரண்டு முறை டியூப் வாங்குவதைவிட அது குறைவு.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். தூசி படிந்து வயதான டியூபுக்குப் பக்கத்தில் புது எல்இடியை வைத்தால் எதுவும் பிரமாதமாகத்தான் தெரியும். பழைய ஃபிட்டிங்கைத் துடைத்துவிட்டு அளங்கள். புதியதன் அளவை 0.8 ஆல் பெருக்குங்கள். நாளடைவில் கிடைக்கப்போவது அவ்வளவுதான்.

சோக்கை உள்ளேயே விடுவது

டியூபுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் செப்புச் சோக் இருந்தால் 10 வாட் வீணாகும் என்பார்கள். 36 வாட் டியூப் எரிந்தபோது அது உண்மை. 20 வாட் எல்இடி இழுக்கும் மின்னோட்டம் 0.1 ஆம்பியர் அளவே; சோக்கில் வீணாவது ஒரு வாட்டைத் தாண்டாது. ஆனாலும் கழற்றியாக வேண்டும், ஏனென்றால் பழைய சோக் கெட்டால் நல்ல எல்இடியும் அணையும். எலெக்ட்ரானிக் சோக் என்றால் பேச்சே இல்லை: அது தருவது பல ஆயிரம் ஹெர்ட்ஸ் மின்சாரம், நேரடி 230 வோல்ட் டியூபை அதில் மாட்டினால் எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் உள்சுற்றான டிரைவர் போய்விடும்.

எம்சிபியை (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) அணைத்து, இரண்டு வயரிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தபின் ஸ்டார்ட்டர், சோக், கெப்பாசிட்டர் மூன்றையும் எடுங்கள். ஒரு முனை இணைப்பு கொண்ட டியூப் என்றால், ஒரு ஹோல்டரின் இரு பின்களுக்கு பேஸும் நியூட்ரலும். எதிர் ஹோல்டருக்கு வயரே வேண்டாம். டியூபில் எல், என் என்று குறித்த முனை எது என்று பார்த்து மாட்டுங்கள். சில மாடல்களில் மறுமுனை உள்ளேயே ஷார்ட் செய்யப்பட்டிருக்கும். திருப்பி மாட்டினால் எம்சிபி விழும். இரு முனை இணைப்பு டியூபில் ஆபத்து வேறு: ஒரு முனை பேஸில் நுழைந்திருக்க, கையில் இருக்கும் மறுமுனைப் பின் ஷாக் கொடுக்கலாம். உலோக உடலுக்கு எர்த் கட்டாயம்.

முடித்ததும் ஃபிட்டிங்கில் "எல்இடி மட்டும், நேரடி 230 வோல்ட்" என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து ஸ்டோரில் கிடந்த பழைய டியூபை யாராவது அதில் மாட்டினால், ஃபிலமென்ட் நேராக 230 வோல்ட்டில் வெடிக்கும்.

நிறம்

வாசிப்பறையில் 4000 கெல்வின் (நடுத்தர வெள்ளை). 6500 (நீலம் கலந்த வெள்ளை) வேண்டாம்.

அவசரமாக அணையும் சென்சார்

அலமாரி முன் நின்றபடியே படிப்பவர் அசைய மாட்டார். அசைவு இல்லாவிட்டால் விளக்கை அணைக்கும் சென்சாரில் 30 விநாடி வைக்காதீர்கள். குறைந்தது 5 நிமிடம்.

ஒரே ஸ்விட்ச்சில் நாற்பது டியூப்

போடும் கணத்தில் டிரைவர்கள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டத்தில் பி வகை எம்சிபி விழும். போடும் கணத்து இழுப்பைக் கூடுதலாகத் தாங்கும் சி வகை போடுங்கள், அல்லது சுற்றைப் பிரியுங்கள்.

ஓலைச்சுவடி அறை

50 லக்ஸ். எல்இடியில் புற ஊதா அநேகமாக இல்லை என்பதற்காக இதைக் கூட்டக் கூடாது.

கழற்றிய டியூபை உடைப்பது

ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. இந்திய மின்கழிவு விதிகளில் இதுவும் அடக்கம். புது டியூப் வந்த அட்டை உறையிலேயே பழையதைச் செருகி, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் எண்ணிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இந்தச் செலவை எஸ்டிமேட்டிலேயே தனி வரியாகப் போடாவிட்டால், டியூப்கள் கட்டடத்தின் பின்பக்கக் குப்பையில்தான் போய்ச் சேரும்.